பால் குடித்துத் தூங்கும் குழந்தைக்கு மயக்க மருந்து எதற்கு? பச்சிளம் குழந்தைகளின் இதய எம்.ஆர்.ஐ: ஒரு விளக்கம்

கயத்தாறு பஸ் நிறுத்தத்தில் காலை ஆறரை மணி. இரண்டு மாதக் கைக்குழந்தையோடு ஒரு அம்மா திருநெல்வேலி பஸ்ஸுக்காக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துணைக்கு ஆச்சி. கையில் ஒரு மஞ்சப்பை. அதில் எக்கோ ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை, ரெண்டு மாத்துத் துணி. குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. ஆபரேஷனுக்கு முன்னால் எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "விடியக்காலம் அஞ்சு மணிக்கு மேல பால் கொடுத்துறாதீங்க, மயக்க மருந்து கொடுக்கணும்" என்று ஸ்கேன் பிரிவிலும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் குழந்தை பசியில் அழத் தொடங்கும். அம்மாவுக்குப் பால் கட்டி மார் வலிக்கும், ஆனாலும் கொடுக்க முடியாது. வரிசையில் காத்திருந்து பதினோரு மணி ஆனபோது, மயக்கவியல் டாக்டரை ஓர் அவசர ஆபரேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று தகவல் வந்தால்? "நாளைக்கு வாங்கம்மா." அன்றைய கூலி போச்சு, பஸ் காசு போச்சு. மறுநாள் விடிகாலையில் குழந்தை மறுபடியும் பட்டினி.

இது ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையின் கதை அல்ல. சின்னக் குழந்தையை ஸ்கேனுக்குத் தூக்கிப்போன யாருக்கும் இதில் பாதியாவது பழக்கமாக இருக்கும். ஆனால் இந்தக் காட்சியை மாற்ற ஒரு வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பல குழந்தைகளுக்கு இதய எம்.ஆர்.ஐ-யை மயக்க மருந்தே இல்லாமல், வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்கவைத்தே எடுக்கலாம். உலகின் முன்னணிக் குழந்தை மருத்துவமனைகள் பத்தாண்டுக்கும் மேலாக இதைச் செய்துவருகின்றன. நம்ம ஊரில் இது ஏன் இன்னும் வழக்கமாகவில்லை? அதற்கு என்ன செய்ய வேண்டும்?

எல்லாக் குழந்தைக்கும் எம்.ஆர்.ஐ தேவையா?

தேவையில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறவி இதயக் கோளாறைக் கண்டுபிடிக்க முதல் கருவி எக்கோதான். நெஞ்சில் ஜெல் தடவி, ஒலி அலையால் பார்ப்பது. வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, குழந்தையின் படுக்கைக்கே கொண்டுவந்து எடுக்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும்.

எக்கோவுக்கு எட்டாத இடங்களும் உண்டு. நுரையீரலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாய்கள், மகாதமனியின் வளைவு, மூச்சுக் குழாயைச் சுற்றி நெருக்கும் ரத்தக் குழாய் ஆகியவை சில குழந்தைகளில் தெளிவாகத் தெரியாது. இடது கீழறை சின்னதாக இருக்கும் குழந்தைக்கு, அந்த அறை உடம்பு முழுமைக்கும் ரத்தம் அனுப்பத் தாங்குமா என்ற கேள்வி வரும். எந்தக் குழாயில் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளந்து சொல்வதில் எம்.ஆர்.ஐ-க்கு நிகராக வேறு ஸ்கேன் இல்லை. என்ன ஆபரேஷன், எப்போது செய்வது என்ற முடிவே சில நேரம் அந்த அளவைப் பொறுத்துத்தான் இருக்கும்.

சி.டி ஸ்கேன் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். புதிய சி.டி கருவிகள் கண் மூடித் திறப்பதற்குள் படம் எடுத்துவிடும், பல நேரம் அதற்கு மயக்க மருந்தும் வேண்டாம். ரத்தக் குழாயின் வடிவம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் சி.டி-யே சரியான தேர்வாக இருக்கலாம். ஆனால் அதில் கதிர்வீச்சு உண்டு, ரத்த ஓட்டத்தை அளக்கவும் முடியாது. பிறவிக் கோளாறுள்ள குழந்தைக்கு வளர வளரப் பலமுறை ஸ்கேன் தேவைப்படும். அதனால்தான் முடிந்த இடத்தில் கதிர்வீச்சைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள்.

அப்படியென்றால் மயக்க மருந்து எதற்கு?

கயத்தாறு பக்கம் போனவர்கள் காற்றாலையை மொபைலில் படம் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். சுற்றும் இறக்கை படத்தில் கலங்கலாக விழும். கேமராவைப் பிடித்த கையும் ஆடினால் சொல்லவே வேண்டாம். குழந்தையின் இதயத்தைப் படம் எடுப்பதிலும் இதே சிக்கல்தான்.

பச்சிளம் குழந்தையின் இதயம் நிமிஷத்துக்கு 120 முதல் 160 தடவை வரை துடிக்கும். மூச்சும் பெரியவர்களைவிட வேகம். இதயத்தின் அளவோ கிட்டத்தட்ட அந்தக் குழந்தையின் மூடிய கையளவு. பெரியவர்கள் என்றால் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி, பத்துப் பதினைந்து நொடியில் ஒரு படத்தை எடுத்துவிடலாம். பச்சப்புள்ளைக்கு யார் சொல்வது? போதாததற்கு இயந்திரத்துக்குள் சுத்தியல் அடிப்பதுபோல் சத்தம், சில நேரம் 100 டெசிபெலுக்கும் மேல். ஸ்கேன் முடிய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். ஆகவேதான் மயக்கம் கொடுத்து, சில நேரம் மூச்சுக் குழாயில் டியூப் வைத்து, மூச்சையே சில நொடிகள் நிறுத்தி எடுப்பது வழக்கமானது.

மயக்க மருந்தில் என்ன கவலை?

பயமுறுத்துவது நோக்கமல்ல. தேர்ந்த மயக்கவியல் டாக்டர் இருக்கும் இடத்தில் இது தினமும் பாதுகாப்பாக நடக்கிறது. ஆனாலும் இதயக் கோளாறுள்ள குழந்தைக்கு ஆபத்து மற்ற குழந்தைகளைவிட அதிகம். மருந்தால் மூச்சு மந்தமாகலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். ஏற்கெனவே நீலம் பாய்ந்திருக்கும் குழந்தை அதைத் தாங்குவது கஷ்டம். ஸ்கேன் முடிந்த பிறகும் குழந்தை முழுசாகத் தெளியும்வரை கண்காணிக்க ஆளும் படுக்கையும் வேண்டும்.

மூளை வளர்ச்சி பற்றிய கேள்வியும் உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மயக்க மருந்தைத் திரும்பத் திரும்பவோ, ஒரே தடவையில் மூன்று மணி நேரத்துக்கு மேலோ கொடுத்தால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இன்னொரு பக்கம், 7 நாடுகளில் 722 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் ஐந்து வயது முடிவு 2019-இல் 'தி லான்செட்' இதழில் வந்தது. கைக்குழந்தைப் பருவத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் கொடுத்த மயக்க மருந்தால் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை என்பதே அந்த முடிவு.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரியும். ஒருமுறை மயக்கம் கொடுத்ததற்காகப் பெற்றோர் பதற வேண்டியதில்லை. ஆனால் பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைக்கு ஆபரேஷன், மறு ஆபரேஷன், ஆஞ்சியோ என்று மயக்க மருந்து எப்படியும் பல தடவை போகும். அதில் தவிர்க்க முடிந்த ஒரு தடவையைத் தவிர்ப்பது லாபம்தானே?

மயக்கம் இல்லாமல் எப்படி எடுக்கிறார்கள்?

சூட்சுமம் நம்ம ஆச்சிகளுக்குத் தெரிந்ததுதான். வயிறு நிறைந்து, கதகதப்பாகச் சுற்றிக் கிடத்தினால் சின்னக் குழந்தை தூங்கிவிடும். 'பால் கொடுத்துத் தூங்கவைக்கும் முறை' என்றே இதற்குப் பெயர். குழந்தைகளின் மூளை ஸ்கேனுக்கு இது முன்பே பழக்கத்தில் இருந்தது. இதய எம்.ஆர்.ஐ-க்கும் இது ஒத்துவரும் என்று கனடாவின் டொராண்டோவில் உள்ள சிக்கிட்ஸ் மருத்துவமனைக் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது.

நடைமுறை இப்படி: ஸ்கேன் நேரத்தை ஒட்டி ஒரு வேளைப் பாலைக் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள். குழந்தை பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கும்போது ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அம்மா பால் கொடுப்பார். இதயத் துடிப்பைப் பார்க்கும் ஸ்டிக்கர்களையும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியையும் முன்கூட்டியே மாட்டிவிடுவார்கள். தூங்கின பிறகு மாட்டினால் முழித்துக்கொள்ளும். காதுக்குள் பஞ்சுபோன்ற அடைப்பு, அதன்மேல் சின்ன உறை. பிறகு துணியால் சுற்றி, ஒரு விசேஷப் பைக்குள் படுக்கவைப்பார்கள். உள்ளே சின்னச் சின்னத் தெர்மாகோல் மணிகள் நிறைந்த பை அது. காற்றை உறிஞ்சி எடுத்ததும் குழந்தையின் உடம்பு வடிவத்துக்கே அது கெட்டியாகிவிடும். இறுக்காது, ஆனால் அசையவும் விடாது. தொட்டிலில் கிடப்பதுபோல் குழந்தை தூங்கும்.

இடையில் முழித்தால்? நிறுத்திவிட்டு, தட்டிக் கொடுத்து, தேவைப்பட்டால் மறுபடி பால் கொடுத்து, திரும்ப ஆரம்பிப்பார்கள். அதனால்தான் முக்கியமான படத்தை முதலில் எடுத்துவிடுவது இந்த முறையில் எழுதாத விதி.

மூச்சு ஓடிக்கொண்டே இருக்குமே, படம் கலங்காதா?

காற்றாலைக்கே திரும்பிப் போவோம். இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு துண்டு எடுத்து, பல சுற்றுகளின் துண்டுகளை ஒட்டினால் கலங்காத படம் கிடைக்கும் அல்லவா? இ.சி.ஜி-யை வைத்துத் துடிப்பின் அதே கட்டத்தில் துண்டு துண்டாக எடுத்துச் சேர்ப்பது அப்படித்தான். மூச்சின் அசைவைச் சமாளிக்க, ஒரே படத்தைச் சில தடவை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். தூங்கும் குழந்தையின் மூச்சு மெல்லியது, சீரானது என்பதால் இது ஒத்துவருகிறது.

புதிய மென்பொருள்கள் வேலையை இன்னும் சுலபமாக்கியிருக்கின்றன. குறைந்த தகவலை மட்டும் வேகமாக எடுத்து, மீதியைக் கணக்குப் போட்டு நிரப்பும் முறைகள் வந்துவிட்டன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் விவேக் முத்துரங்கு உள்ளிட்ட குழுவினர், மூச்சைப் பிடிக்காமல் அந்த நொடியே எடுக்கும் இதயப் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கலாம் என்று பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களிடமே சோதித்து 2019-இல் எழுதினார்கள். நெஞ்சுப் பகுதி முழுவதும் ரத்தம் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று ஒரே ஓட்டத்தில் பதிவுசெய்யும் முறையும் இப்போது இருக்கிறது. 1977 ஜூலை 3-இல் மனித உடலை முதன்முதலில் எம்.ஆர்.ஐ எடுத்தபோது, நெஞ்சின் ஒரே ஒரு குறுக்குப் படத்துக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆனது. அங்கிருந்து ஒரு குழந்தை தூங்கி எழும் நேரத்துக்குள் வந்திருக்கிறோம்.

யாருக்கு இது சரிவராது?

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு இது கஷ்டம். புது இடம், புது முகம் தெரிய ஆரம்பித்துவிடும், தூக்கமும் லேசாகிவிடும். முதல் மூன்று நான்கு மாதம்தான் நல்ல காலம். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை, நிலைமை நொடிக்கு நொடி மாறும் குழந்தை, பால் குடிக்கவே முடியாமல் களைத்துப்போகும் குழந்தை ஆகியோருக்கு டாக்டர் வேறு முடிவெடுக்கலாம். மயக்க மருந்து இல்லை என்பதால் கண்காணிப்பும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. வயிறு நிறைந்த குழந்தை கக்கலாம். ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே ஒரு நர்ஸும், கூப்பிடு தூரத்தில் டாக்டரும் இருந்தே ஆக வேண்டும்.

நம்ம ஊரில் என்ன தடை?

இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவி இதயக் கோளாறோடு பிறப்பதாகவும், அதில் ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு முதல் வருஷத்திலேயே சிகிச்சை தேவைப்படுவதாகவும் மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். இவர்களுக்குக் கை கொடுப்பதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. இளஞ்சிறார் இருதய பாதுகாப்புத் திட்டம் 2008-இலேயே வந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-இலிருந்து நடக்கிறது. பிறந்த குழந்தைகளையும் அங்கன்வாடி, பள்ளிப் பிள்ளைகளையும் தேடிப்போய்ப் பரிசோதிக்கும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. ஆபரேஷனுக்குப் பணம் இல்லையே என்று கரிசல்காட்டு விவசாயக் குடும்பமோ, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் கோவில்பட்டித் தாயோ கையைப் பிசைந்து நிற்கும் நிலையை இந்தத் திட்டங்கள் பெருமளவு மாற்றியிருக்கின்றன.

எம்.ஆர்.ஐ இயந்திரமும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் புதுசு இல்லை. காது உறையும் காற்றை உறிஞ்சும் பையும் அந்த இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அற்பக் காசு. அப்புறம் என்னதான் தடை?

நேரம்தான். எம்.ஆர்.ஐ அறைக்கு வெளியே எப்போதும் வரிசை. முதுகு வலி, பக்கவாதம், விபத்து என்று ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கேன் என்பதே கணக்கு. அங்கே ஒரு குழந்தை பால் குடித்துத் தூங்கட்டும் என்று இயந்திரத்தைச் சும்மா வைத்திருந்தால், "ஏன் லேட்டு?" என்று கேள்வி வரும். மயக்க மருந்து கொடுத்தால் குழந்தை இயந்திரத்தின் நேரத்துக்கு வரும். இந்த முறையிலோ இயந்திரம் குழந்தையின் நேரத்துக்கு வர வேண்டும். நம்ம அமைப்பு இன்னும் அதற்குப் பழகவில்லை.

வரிசையில் நிற்பவர்களின் அவசரமும் நியாயமானதுதான். ஆனால் மயக்க மருந்துக்கும் நேரம் செலவாகிறது என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. மயக்கவியல் டாக்டர் வரும்வரை காத்திருப்பது, சளி இருக்கிறது என்று தள்ளிப்போடுவது, தெளியும்வரை படுக்கையில் வைத்துப் பார்ப்பது, ஊருக்குத் திருப்பி அனுப்பி மறுநாள் வரச் சொல்வது எல்லாம் நேரம்தான். அவை ஸ்கேன் அறைக்கு வெளியே நடப்பதால் ரெஜிஸ்டரில் ஏறுவதில்லை. பாதிக்கு மேல் கயத்தாறு அம்மாவின் கணக்கில் ஏறிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

ஒன்று, குழந்தைகள் இதயப் பிரிவும் எம்.ஆர்.ஐ-யும் ஒரே வளாகத்தில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைகளில், வாரத்துக்கு ஒரு காலை வேளையைக் கைக்குழந்தைகளுக்கென்று ஒதுக்கலாம். தென்மாவட்டங்களுக்கு மதுரை, திருநெல்வேலி போன்ற இடங்களில் தொடங்கினால்கூடப் போதும். இதயத்தில் ஆரம்பிக்கத் தயக்கம் இருந்தால், மூச்சசைவுத் தொல்லை இல்லாத மூளை ஸ்கேனில் இந்த முறையைப் பழகிவிட்டு இதயத்துக்கு வரலாம்.

இரண்டு, ஆளுக்குப் பயிற்சி. குழந்தையைச் சுற்றத் தெரிந்த, அவசரப்படாத ஒரு நர்ஸ். முக்கியமான படத்தை முதலில் எடுக்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியன். "இந்தக் குழந்தைக்கு எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்" என்று தெளிவாக எழுதிக் கொடுக்கும் இதய டாக்டர். இந்த மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு மணி நேர ஸ்கேன் அரை மணியாகச் சுருங்கும்.

மூன்று, அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களை நடத்தும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் காப்பீட்டுத் திட்டமும் கைக்குழந்தை ஸ்கேனைத் தனி வகையாகக் கணக்கிட வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் நேரத்துக்குத் தொகையில் இடம் இருந்தால்தான் மருத்துவமனைகள் முன்வரும்.

நான்கு, பால் கொடுக்க ஒரு மறைவான இடம். ஸ்கேன் அறைக்குப் பக்கத்தில், நாற்காலியோடு, மங்கலான வெளிச்சத்தில். இந்த முறையில் அந்த இடமும் ஒரு மருத்துவக் கருவிதான்.

பெற்றோர் கவனத்துக்கு

உங்கள் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ எழுதிக் கொடுத்தால் தயங்காமல் கேளுங்கள்: "எக்கோவுல தெரியாத எதைப் பார்க்க இந்த ஸ்கேன், டாக்டர்? பால் கொடுத்துத் தூங்கவச்சு எடுக்க முடியுமா? முடியலைன்னா அடுத்து என்ன செய்வீங்க?" முடியாது என்று சொன்னால் அதற்கு மருத்துவக் காரணம் இருக்கலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மயக்க மருந்துதான் என்று முடிவானால், எத்தனை மணி முதல் பால் கொடுக்கக் கூடாது என்பதைச் சொன்னபடி கடைப்பிடியுங்கள். பல இடங்களில் தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், பவுடர் பாலுக்கு 6 மணி நேரம் என்பது கணக்கு. அழுகிறதே என்று நடுவில் ரகசியமாகக் கொடுத்துவிட்டால் அது குழந்தையின் உயிருக்கே ஆபத்து. வீட்டிலிருந்தே தூக்க மருந்து சிரப் கொடுத்துக் கூட்டிப்போவதும் கூடவே கூடாது.

எம்.ஆர்.ஐ ஒரு பெரிய காந்தம். குழந்தையின் அரைஞாண், கொலுசு, காப்பு, தாயத்து, கழுத்துக் கயிற்றில் கோத்த உலோகம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். சில இரும்பாக இருக்கும், சில சூடாகும், சில படத்தைக் கெடுக்கும். பிரஸ் பட்டன், ஜரிகை வைத்த சட்டை வேண்டாம், பழைய பருத்தித் துணி போதும். தாலிக் கயிற்றில் ஊக்கு மாட்டியிருக்கும் அம்மாக்கள் ஸ்கேன் அறை வாசலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேனுக்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது, கண்டுபிடிப்பது. பால் குடிக்கும்போது நெற்றி வேர்ப்பது, குடிக்கக் குடிக்க மூச்சு வாங்கி விட்டுவிடுவது, எடை ஏறாமல் இருப்பது, உதடும் நாக்கும் நீலம் பாய்வது, அடிக்கடி சளி நிமோனியாவாக மாறுவது ஆகியவற்றை "சீர் தட்டியிருக்கு", "கண்ணு பட்டிருச்சு" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பிறந்து ஒரு நாள் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னச் சோதனை, வெளியில் தெரியாத சில பெரிய கோளாறுகளைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரசவம் பார்த்த இடத்தில் அதைச் செய்தார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மறுபடி கயத்தாறு பஸ்ஸுக்கு வருவோம். அதே அம்மா, அதே ஆச்சி, அதே மஞ்சப்பை. ஆனால் இந்தத் தடவை ஸ்கேன் பிரிவில் இப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: "பத்து மணிக்கு உங்க நேரம். அந்த ஒரு வேளைப் பாலை மட்டும் இங்க வந்து எங்க கண்ணு முன்னால கொடுங்க. பிள்ளை தூங்கட்டும், நாங்க காத்திருக்கோம்."

இப்படிச் சொல்ல அரசுக்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம். வாரத்தில் ஒரு காலை வேளை போதும்.